வயதைக் கூட்டி எழுதாத கைக்கு ஒரு வணக்கம்

எல்கடுவை மலையின் கீழ்ப்பிரிவு முதல் மேற்பிரிவு உச்சி வரை, மழையென்றும் மூடுபனியென்றும் பாராமல், முப்பத்துமூன்று ஆண்டுகள் முன்னே நடந்த கால்களுக்கு உரியவரே. அலறிய தாய்க்கு அதட்டலும் அழுத பிள்ளைக்கு அணைப்பும் அளவறிந்து அளித்த அன்னையே. அட்டைக்கும் அஞ்சாமல் அதிகாரத்துக்கும் அஞ்சாமல், ஆனால் ஆறிப்போன தேநீருக்கு மட்டும் அஞ்சும் அருங்குணத்தவரே. எங்கள் தோட்ட மருத்துவிச்சி, மாண்புமிகு மார்ஜரி அம்மையார் அவர்களே, தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் தங்கள் திருமுன் இம்மடலைப் பணிவுடன் படிக்கின்றோம்.

இது தோட்டத்து அலுவலகத்தாரும் வைத்தியசாலையாரும் பிள்ளைக்காம்பரா ஆயாமாரும் லொறிச் சாரதிமாரும் கூடிச் செய்த மடல். எழுதிய கை மட்டும் பெரிய கிளாக்கர் பிரகாசியத்தினுடையது. பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள். நயம் இருந்தால் எல்லாருக்கும் பங்கு.

வழக்கப்படி இந்த இடத்தில் தங்கள் குணநலன்களை வரிசையாக அடுக்க வேண்டும். ஆனால் போன வருஷம் மலைவேலை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயாவின் பிரியாவிடையில், "அன்பின் உருவே, பண்பின் திருவே" என்று வாசித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது பத்தியிலேயே தாங்கள் கண்ணயர்ந்ததை நாங்கள் பார்த்துவிட்டோம். அதுவுமில்லாமல், தங்களை நேரில் புகழ்ந்தால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறோம். ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கும் தங்கள் பேர்தான்; ஆனாலும் 'தாங்கள்' என்று சொல்லாமல் 'அவள்' என்றுதான் சொல்வோம். அது யாரோ என்று நினைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். கதைக்குச் சாட்சி இரண்டு: பழைய ஸ்டோரைத் துப்புரவாக்கியபோது கிடைத்த ஐம்பத்தொன்றாம் வருஷத்து, தொழிலாளர் வேலைநாளைப் பதியும் செக்ரோல் புத்தகம் ஒன்று; கண் மங்கினாலும் கோபம் மங்காத தங்கள் தாயார் மரியாயி அம்மா மற்றொன்று.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்று, மாசி மாதம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலம். அவள் தகப்பன் ரபாயேல் மேற்பிரிவில் பேர் போன கவ்வாத்துக்காரன். ஒரே வீச்சில் கிளை விழும், பட்டை பிசிறாது. அன்று காலைப் பனியில் கை வழுக்கி, கத்தி செடிக்குப் போகாமல் அவன் முழங்காலுக்குப் போயிற்று. மாத்தளை ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து வந்தான். கால் திரும்பி வந்தது. முழங்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்றுவிட்டது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். பேர் விழுந்தால் அரிசி வரும். பேர் விழாதவன் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மரியாயி கொழுந்து பறித்து வாங்கிய ஒற்றைப் பேரில் ஐந்து வயிறு: அவள், ரபாயேல், ஒன்பது வயது மார்ஜரி, அதற்குக் கீழே இரண்டு. ஒரு கோதுமை ரொட்டியை நாலாய்ப் பிய்த்து, தேயிலைத் தண்ணீரில் தோய்த்துக் கொடுப்பாள். "எனக்கு மலையிலயே சாப்பாடு ஆச்சு" என்பாள். மலையில் தேயிலையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்கிற புத்தி அன்றைக்கு மார்ஜரிக்கு வரவில்லை. வந்த பிறகு கேட்க வாய் வரவில்லை.

பன்னிரண்டு வயது ஆன பிள்ளைகளுக்கு அரைப்பேர் உண்டு. பிறந்த சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு மரத்தூண் நின்றது. அதில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டிருந்தார்கள். பிள்ளையின் தலை அந்த வெட்டைத் தொட்டு, "பன்னெண்டு முடிஞ்சிச்சுங்க" என்று ஒரு கங்காணியும் சொல்லிவிட்டால் பேர் பதிந்துவிடுவார்கள். சட்டம் அவ்வளவுதான்.

சொல்வதற்குக் கங்காணி இருந்தான். செபஸ்தியன், ரபாயேலின் கூட்டாளி. கோயிலில் மார்ஜரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவன்தான். உயரத்துக்குத்தான் வழி பார்க்க வேண்டியிருந்தது. மரியாயி ஒரு பழைய துவாயை நாலாய் மடித்து மகளின் உச்சந்தலையில் வைத்தாள். அதற்கு மேல் கம்பளியைப் போர்த்திவிட்டாள். விடியற்பனியில் கம்பளியை எடு என்று யார் சொல்லப் போகிறார்கள்? செபஸ்தியன் அவளைத் தூணோடு சேர்த்து நேராக நிறுத்துகிற சாக்கில் இரண்டு விரற்கடை தூக்கியும் விட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு காலையில் மூன்று வயது வளர்ந்தாள்.

"யாரு கேட்டாலும் என்னா சொல்லணும்?" என்றான் செபஸ்தியன்.

"பன்னெண்டு."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டா?"

"பன்னெண்டு, மாமா."

ஞானத்தகப்பன் சொல்லிக்கொடுத்த முதல் ஞானபாடம் இதுதான். நாங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. பசித்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அவள் வேலை தேயிலை இலையில் அப்பியிருக்கும் புழுமுட்டைகளைப் பொறுக்குவது. தகரப் பேணி நிரம்பினால் அரைப்பேர், நிரம்பாவிட்டால் அதுவும் இல்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு மழையில் ஊறி அவள் எடைக்குச் சரியாய்க் கனக்கும். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு நடப்பாள். பெரிய பிள்ளைகளைப் போல எட்டிப் பொறுக்க முடியாத செடிகளுக்கு அடியில் புகுந்து போவாள். அங்கே குளவி இருந்தது என்பது இரண்டு தடவை தெரிய வந்தது. பேர் பதிகிறதற்கு முன்னால் தோட்டப் பள்ளியில் இரண்டு வருஷம் எழுத்துக் கூட்டியிருந்தாள். அந்த ருசி விடவில்லை. ரொட்டி சுற்றி வந்த பத்திரிகைத் தாளை, ரொட்டி போன பிறகும் மடித்து வைத்துக்கொண்டு வாசிப்பாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு வருஷம் கழிந்தது. மாதத்துக்கு ஒருமுறை பூசைக்கு வருகிற சாமியார் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். மாத்தளையில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஆறு பேருக்கு இடம். தங்குவதற்கும் உண்பதற்கும் காசு வேண்டாம். பதினொரு வயது தாண்டியிருக்கக் கூடாது. அன்று கோயிலில் வாசகம் வாசித்தது மார்ஜரி. ஓரிடத்திலும் தட்டாமல் வாசித்தாள். சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். வயது பத்து. அங்கேயே பேரை எழுதிக்கொண்டார். எழுதியதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒழுங்கான மனிதர் ஆனபடியால், பிள்ளையின் வயதை உறுதிப்படுத்தும்படி தோட்டத்தை ஆளும் துரைக்கும் ஒரு கடிதம் போட்டார்.

கோயில் புத்தகத்தில் பத்து வயதுப் பிள்ளை, செக்ரோலில் பதிமூன்று. இரண்டிலும் சாட்சி செபஸ்தியன். மறுநாள் காலையில் எல்லாரும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று ஆள் வந்தது.

அன்று சாயங்காலம் அவர்களுடைய லயத்துக் காம்பராவில் அடுப்பு எரிந்தது, யாரும் சாப்பிடவில்லை.

"படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான் ரபாயேல். "பொய் சொன்னது தெரிஞ்சா வேலையவிட்டு நிப்பாட்டிப் பத்துச்சீட்டக் கிழிச்சுக் கையில குடுத்துருவாங்க. காம்பராவும் போயிரும். இந்தக் கால வச்சிக்கிட்டு நான் எந்தத் தோட்டத்துல போயி நிப்பேன்?"

"பதிமூணுன்னு சொல்லிட்டா முடிஞ்சிச்சு" என்றான் செபஸ்தியன். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். எழுதுனதுல தப்புன்னு சொல்லிருவோம்."

மரியாயி எரிந்துகொண்டிருந்த விறகை அடுப்பிலிருந்து இழுத்துப் போட்டாள். பிறகு, "நாளைக்கு நாந்தான் பேசுவேன். யாரும் வாயத் தொறக்கப்படாது" என்றாள். என்ன பேசப் போகிறாள் என்று சொல்லவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்று எங்களிடம் இப்போது சொல்கிறார்.

மார்ஜரிக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறோம், அது வெறி. ஆனால் தம்பியும் தங்கச்சியும் பாத்திர மூட்டையோடு ரோட்டில் நிற்பதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. உண்மை சொன்னால் வீடு போகும். பொய் சொன்னால் பள்ளி போகும். பத்து வயதுத் தலையில் வைக்கிற பாரமா அது? புழுமுட்டைப் பேணியே தேவலை.

துரை வெள்ளைக்காரர். பேசுவது தோட்டத் தமிழ். யாரையும் 'நீ' என்பார், வினைச்சொல்லைப் பாதியில் விட்டுவிடுவார். மேசையில் சாமியாரின் கடிதமும் செக்ரோலும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்திருந்தன. அன்றைய பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கம் பின்னால் கைகட்டி நின்றார். மரியாயி பேச வாயெடுத்தாள்.

"நீ பேச வேணாம்" என்றார் துரை. "குட்டி பேசு. உனக்கு எத்தனை வயசு?"

பன்னெண்டு என்று தூக்கத்திலும் சொல்லப் பழகிய வாய். அவள் தாயைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

"எந்தப் பொஸ்தகத்துல கேக்குறீங்க, தொர?"

மேசை மேல் இருந்த இரண்டையும் விரலால் காட்டினாள்.

"கோயில் பொஸ்தகத்துல பத்து. ஒங்க பொஸ்தகத்துல பதிமூணு."

தப்பித்துக்கொள்ளச் சொன்னது அல்ல அது. இரண்டையும் வாசித்துவிட்டு, இருப்பதைச் சொன்னாள். துரை கடிதத்தை எடுத்து, ஞானத்தகப்பன் என்று எழுதியிருந்த பேரை வாசித்தார். பிறகு செபஸ்தியனைப் பார்த்தார். "ரெண்டு புக்கிலும் நீ. எது பொய்?"

செபஸ்தியன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கோயில்ல சொன்னது நெசங்க தொர. பெரட்டுல சொன்னது பசிங்க."

துரையின் முகம் சிவந்துவிட்டது. ரபாயேலுக்கும் செபஸ்தியனுக்கும் பத்துச்சீட்டு எழுதப் பேனாவுக்குக் கை நீட்டினார். அப்போதுதான் சுந்தரலிங்கம் ஐயா ஒரு வேலை செய்தார். அவரை நாங்கள் கண்டதில்லை. ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் அவருக்கு ஒரு கும்பிடு. செக்ரோலை மெதுவாகத் துரையின் பக்கம் திருப்பி, பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். அங்கே துரையின் கையெழுத்து. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும். மாதா மாதம் 'சரி பார்த்தேன்' என்று பதிமூன்று கையெழுத்து.

பேனா மேசையிலேயே இருந்தது. யாரையும் விலக்கவில்லை. ஆனால் துரை சும்மா விடுகிற ஆளும் இல்லை. பிள்ளைகளின் பேர் அத்தனையையும் கோயில் புத்தகத்தோடும் பள்ளிப் புத்தகத்தோடும் ஒப்பிடச் சொன்னார். இன்னும் பதினாறு பிள்ளைகள் பெரட்டுக்களத்தில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. பதினேழு பேரும் சிவப்பு மையால் வெட்டப்பட்டன. செபஸ்தியனுக்கு ஆறு மாதம் கங்காணி வேலை போய், கையில் மண்வெட்டி வந்தது.

வெற்றி என்று சொல்லத்தான் ஆசை. அன்று அது அப்படி இருக்கவில்லை. பதினாறு வீட்டில் அரைப்பேர் போயிற்று. லயத்தில் மரியாயிக்குத் தண்ணீர் பீலியில் இடம் விடவில்லை. யாகுலம் என்ற பிள்ளையின் தாய் வாசலில் வந்து நின்று ஒரு மணி நேரம் ஏசினாள். அந்த யாகுலம் இதை எழுதுகிறவனைப் பெற்றவள்; ஏசியவள் அவனுக்கு இரத்த உறவு. ஆகவே ஏசிய சொற்களை மரியாதை கருதி விட்டுவிடுகிறோம். ஆனால் பேர் போன பிள்ளைகளை வீட்டில் வைத்து என்ன செய்வது? தோட்டப் பள்ளிக்குத் துரத்திவிட்டார்கள். பாய் போதாமல் பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்த முதல் வருஷம் அதுதான்.

இனி ரபாயேல். மகள் புறப்பட வேண்டுமென்றால் அந்த அரைப்பேரின் இடத்தை நிரப்ப வேண்டும். மடங்காத காலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனான். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். கிழவிகள் செய்கிற வேலை, அரைப்பேர். "நான் ஆட்டுறேன்" என்றான். மேற்பிரிவே சிரித்தது. கவ்வாத்துக்காரன் தாலாட்டுப் பாடுகிறான் என்று கிண்டல் செய்தார்கள். அவன் பாடினான். மகள் விட்ட அரைப்பேரை அப்பன் எடுத்துக்கொண்டான். பதினொரு வருஷம் பாடினான். இந்த மண்டபத்தில் அவன் பாட்டில் தூங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டோம், வெட்கப்படுவார்கள்.

மாத்தளைக்கு அவளைக் கொண்டுபோனது மிளகு வியாபாரி ஜமால்தீன் நானாவின் லொறி. பஸ்ஸுக்கு வழியில்லை என்று கேள்விப்பட்டு அவரே வந்து நின்றார். "ஏறுங்க மகள். படிக்கப் போற புள்ளைய ஏத்துனா லொறிக்குப் பரக்கத்து" என்றாராம். மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து, மாத்தளை வரைக்கும் தும்மிக்கொண்டே போனாள். மடத்துத் தாயார் கேட்ட முதல் கேள்வி வயது. அவள் பத்து என்றாள். 'என் வயது' என்று அதைச் சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று அவளுக்கு.

அந்தப் பிள்ளை படித்து, பயிற்சி எடுத்து, அறுபத்துமூன்றாம் ஆண்டு வெள்ளைச் சேலையும் தோல் பையுமாக இதே தோட்டத்துக்கு ஏறி வந்தாள். கதை முடிந்தது. இனி 'அவள்' இல்லை. தாங்கள்தான், அம்மா. குடையைத் தேட வேண்டாம். எங்களில் ஒருவன், ஸக்கரியா, எடுத்து ஒளித்துவைத்திருக்கிறான்.

இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு பிரசவம் பார்த்தீர்கள். பிறந்த நேரத்தை உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டு இறங்குவீர்கள். கை கழுவுவதற்கு முன் புத்தகத்தில் ஏற்றுவீர்கள். விடிந்ததும் பதிவுக்கு அனுப்புவீர்கள். நட்சத்திரம் சரியில்லை, கால்மணி தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சிய தகப்பனிடம், "நட்சத்திரத்த வேணும்னா தள்ளி வை, நேரத்தத் தள்ள மாட்டேன்" என்றீர்கள். தோட்டம் கம்பனியிடமிருந்து அரசாங்கத்துக்குப் போய், மறுபடி கம்பனிக்கு வந்தது. துரைமார் மாறினார்கள், முத்திரை மாறியது. தங்கள் புத்தகத்தில் ஒரு தேதி மாறவில்லை.

எழுபத்துநாலாம் வருஷத்தை மறக்க முடியாது. மாவு இல்லை, அரிசி இல்லை. மலையில் ஆள் நடக்கவே இல்லை, நிழல்தான் நடந்தது. லாசர் வந்து தங்கள் வாசலில் நின்றான். "மூத்தவளுக்கு ரெண்டு மூணு வருசம் கூட்டிப் போட்டு ஒரு துண்டு குடுங்கம்மா. ஒரு பேரு கெடைக்கும்" என்றான். வயது பத்து அந்தப் பிள்ளைக்கு. வேறு யாராக இருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பார்கள், நாங்களும் எழுதியிருப்போம். தாங்கள், "கூட்ட மாட்டேன் லாசரு. வீட்டுக்குப் போயி சட்டிய அடுப்புல வை, வர்றேன்" என்றீர்கள். தங்கள் பங்கு மாவில் பாதி நாலு மாதம் அந்த வீட்டுக்குப் போயிற்று. லாசர் அந்த ரொட்டியைத் தின்றுகொண்டே தங்களை ஏசினான் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைதான் எங்கள் பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் பிலோமினா. இந்தச் சபையில் முதல் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

இன்று எங்கள் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பிள்ளையின் பேரும் இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதுகிறவன் அன்றைக்குப் பேர் வெட்டப்பட்ட யாகுலத்தின் மகன். இதைப் பெருமையாகச் சொல்கிறோம், மார்தட்டியே சொல்கிறோம். பெரட்டுக்களத்துத் தூணைக் கறையான் தின்றுவிட்டது. நல்ல கறையான்.

நூறாண்டு வாழ்க என்று எழுதத்தான் பேனாவை எடுத்தோம். கூட்டி எழுதினால் தங்களுக்குப் பிடிக்காது என்று நினைவு வந்தது. ஆகவே ஆண்டவர் தங்கள் பேரில் எழுதியிருக்கும் நாள் அத்தனையும், ஒரு நாளும் வெட்டுப்படாமல், நோயற்ற உடம்போடும் நோகாத மனத்தோடும், சூடு ஆறாத தேநீரோடும் தங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கைகூப்பி வேண்டுகிறோம்.

கையொப்பமிடுகிற நாற்பத்தொரு பேரில் முப்பத்திரண்டு பேரைக் கையில் ஏந்தியவர் தாங்கள். மடலில் பேருக்குப் பக்கத்தில் பதவியை எழுதுவது வழக்கம். நாங்கள் வயதை எழுதுகிறோம். எல்லாம் உண்மை வயது. அந்த முப்பத்திரண்டும் தங்கள் புத்தகத்தில் பார்த்து எழுதியவை.

எல்கடுவை, 1996 ஆகஸ்ட் 31

பிரகாசியம், 32
பிலோமினா, 32
ஸக்கரியா, 27
மஹ்ரூப், 24
மற்றும் முப்பத்தேழு பேர், பின்பக்கத்தில், வயதுகளுடன்

கடைசியாக ஒரு கைநாட்டு. பணியாளர் அல்லாதவர், ஆனாலும் தானும் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டார்:

மரியாயி. வயது தெரியாது. அவர் பிறந்தபோது எழுதிவைக்க ஆள் இருக்கவில்லை.